யானை வந்தால் எழுந்திருக்காதீங்க!

தேக்கடி போய்த் திரும்பிய ஆசாமியிடம் ஆபீஸில் கேட்கப்படும் முதல் கேள்வி, "புலி பார்த்தியா?" இரண்டாவது கேள்வி, "சரி, யானையாவது?" "தூரத்துல கறுப்பா ஏதோ அசைஞ்சுது" என்று அவர் இழுத்தால் தீர்ந்தது. "பாறையா இருக்கும்ப்பா!" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கம்ப்யூட்டருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். வீட்டில் இன்னும் மோசம். "இதுக்கு வண்டலூர் போயிருந்தா சாயங்காலம் காபிக்கு வந்திருக்கலாமே?"

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. காட்டுக்கு டிக்கெட் வாங்குகிறவன் மனசுக்குள் ஒரு பில் போட்டு வைத்திருக்கிறான். யானை ஒண்ணு, காட்டுமாடு ரெண்டு, மான் கணக்கில் வராது, புலி வந்தால் போனஸ். மிருகங்களிடம் இந்தப் பில்லை யாரும் காட்டுவதில்லை என்பதுதான் சிக்கல்.

தேக்கடிக் காட்டை இரண்டு தினுசாகப் பார்க்கலாம். படகில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் பார்க்கலாம். அல்லது முதுகில் மூட்டையோடு உள்ளே நடந்து போய், கூடாரத்தில் படுத்து, ராத்திரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு பார்க்கலாம். நான் போன ஜனவரியில் இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தேன். பி.காம். படித்தவனுக்கு எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால்தான் புரியும்.

முதலில் ஒரு விஷயம். அந்த ஏரி, ஏரியே இல்லை. கர்னல் பென்னிகுயிக் பெரியாற்றின் குறுக்கே 1895-ல் கட்டி முடித்த அணையின் பின்னால் தேங்கிய தண்ணீர். அதற்காக 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜா எழுதிக் கொடுத்த குத்தகை இருக்கிறதே, கணக்குப் படித்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய பத்திரம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய், ஆக மொத்தம் 40,000 ரூபாய், 999 வருஷத்துக்கு! (1970-ல் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கினார்கள். அப்போதாவது யாரோ ஒரு ஆடிட்டர் விழித்துக்கொண்டார் போலிருக்கிறது.) மேற்கே கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போகிறது. நீங்கள் மதுரைக்காரர் என்றால், உங்கள் படகு மிதப்பதே உங்கள் ஊர்க் குழாய்க்கும் வயலுக்கும் வர வேண்டிய தண்ணீரில்தான்.

தண்ணீர் வந்தது. தண்ணீருக்கு மிருகங்கள் வந்தன. அப்புறம்தான் சர்க்கார் வந்தது. 1934-ல் ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் சரணாலயம் ஆக்கியது. 1978-ல் புலிகள் காப்பகம். இன்றைக்கு மொத்தம் 925 சதுர கிலோமீட்டர், அதில் ஏரி 26. ஆக, படகில் போகிறவர் பார்ப்பது காட்டின் தாழ்வாரத்தை மட்டுமே.

குமுளியிலிருந்து வனத்துறை பஸ்ஸில்தான் படகுத்துறைக்குக் கொண்டுபோகிறார்கள். பஸ் நின்றதும் நடப்பது ஓட்டப் பந்தயம். முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாத மாமிகள் எல்லாம் என்னை முந்திக்கொண்டு போனதைப் பார்த்தேன். எல்லோருக்கும் மேல் தளத்தில் ஜன்னலோர ஸீட் வேண்டும். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். அதை மாட்டிக்கொண்டதும் எங்கள் கோஷ்டியில் பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பர், கட்டி அனுப்பத் தயாரான பார்சல் மாதிரி ஆகிவிட்டார். அப்புறம் படகு ஊழியர் ஒருவர் வந்து தமிழில், மலையாளத்தில், ஹிந்தியில், ஒரு மாதிரி இங்கிலீஷில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "யானை வந்தாலும் யாரும் எழுந்திருக்கக் கூடாது."

பலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

2009 செப்டம்பர் 30 சாயங்காலம் இதே ஏரியில் இரண்டு தளப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் செத்துப் போனார்கள். கரையில் மிருகங்களைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள், படகு சாய்ந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னதாக அப்போது செய்தி வந்தது. அதை மட்டும் சொல்லிப் பழியைப் பயணிகள் தலையில் கட்டிவிட முடியாது. நாலு பேர் எழுந்ததற்கே கவிழக்கூடிய படகை ஓட்டியதும், உயிர்க்கவசம் இல்லாமல் ஆட்களை ஏற்றியதும் பயணிகள் செய்த வேலை இல்லையே. ஆனால் நான் ஜாக்கெட்டின் வாரை இழுத்து மாட்டும்போது நினைத்துக்கொண்டது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். அவர்களும் லீவு போட்டுவிட்டு, ஒரு பில்லை மனசில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். 'அதோ பார்!' என்று யாரோ கை நீட்டியபோது திரும்பியவர்கள்.

படகு கிளம்பியது. பார்க்க வேண்டியது மிருகங்களை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கண்ணை இழுத்தது மரங்கள். ஏரியின் நடுவே இலை கிளை ஒன்றும் இல்லாமல் கறுப்புக் கறுப்பாக நிற்கிற மரக்கட்டைகள். அணைத் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காடு. செத்து 130 வருஷம் ஆகியும் விழவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்க்காகமோ பாம்புத்தாராவோ ரெக்கையை விரித்துக் காயப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. படகோட்டி அந்தக் கட்டைகளுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டுகிறார். திடீர் திடீரென்று பாதை மாறுவதைப் பார்த்து, "யானை இருக்கு போல" என்று ஆளாளுக்குக் கழுத்தை நீட்டினோம். கட்டைதான்.

வரவுப் பத்தியில் எழுத வேண்டியவை: காட்டுப் பன்றிக் குடும்பம் ஒன்று, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்துப் புல்மேட்டில் ஏழெட்டுக் காட்டுமாடுகள், எல்லாம் வெள்ளை ஸாக்ஸ் போட்ட மாதிரிக் கால். கடைசியில், திரும்பும் வழியில், மூன்று யானை. நிஜ யானை. பாறை இல்லை. மேல் தளம் முழுக்க 'ஹோ' என்று ஒரு சத்தம் எழுந்தது. ஊழியர் இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் அமுக்கி உட்கார வைத்தார். பின்னால் ஒரு பெரியவர், "தம்பி, அதைக் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுங்க, கண்ணாடி கொண்டு வரலை" என்றார். யானைகள் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு முதுகைக் காட்டி நின்றன. இந்தப் படகை அவை பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன.

படகைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அம்மா அப்பாவை, கைக்குழந்தையை அழைத்துக்கொண்டு போகிறவருக்கு அதைவிட்டால் வழியில்லை. கோடையில் போனால் இன்னும் நன்றாக இருக்கும். தண்ணீர் இறங்கி, வெளியே வந்த கரையில் இளம்புல் முளைத்திருக்கும். காட்டுக்குள்ளே ஓடைகள் வற்றியிருக்கும். அப்போது மிருகங்களே கரைக்கு வந்துதான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் மூலைக்கு மூலை தண்ணீர் இருக்கும்போது, நம் முகத்தைப் பார்க்க யானைக்கு என்ன தலையெழுத்தா?

மறுநாள் காலை இரண்டாவது பத்தி. 'பெரியார் டைகர் ட்ரெயில்' என்று பெயர். காட்டுக்குள் நடை, ராத்திரி கூடாரம், மறுநாளும் நடை. நாங்கள் ஐந்து பேர். கூட வந்த வழிகாட்டிகளும் ஐந்து பேர், துப்பாக்கியோடு ஒரு வனக் காவலர் தனி. 'கஸ்டமரைவிட ஸ்டாஃப் ஜாஸ்தி. இந்த பிராஞ்ச் எப்படி லாபத்துல ஓடும்?' என்று பாங்க் நண்பர் கவலைப்பட்டார். தொழில் புத்தி.

முழங்கால் வரை கட்டும் துணி உறை ஒன்றைக் கொடுத்தார்கள். அட்டைக்காக. மூத்த வழிகாட்டி அதன் மேல் மூக்குப்பொடியைத் தூவினார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, காலில் தேய்ந்த கான்வாஸ் ஷூ. நாங்கள் 'அண்ணே' என்றோம், அவர் எங்களை 'ஸாரே' என்றார். பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். குமுளியில் அதுதான் தாய்மொழி.

நடக்கும்போது ஒரு விஷயம் கவனித்தேன். அவர் பாதையில் நடக்கவில்லை. பாதை இருக்கும் இடத்திலும் அதை ஒட்டி, நிழலுக்குள், ஒரு கிளையும் ஒடியாமல் போனார். எங்கள் ஐந்து பேர் காலடிச் சத்தம் கல்யாண ஊர்வலம் மாதிரி இருந்தது, அவர் காலடி கேட்கவே இல்லை. "எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"பழக்கம் ஸாரே. முன்னாடி சத்தம் கேட்டா கார்டு பிடிச்சுருவான்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இந்தக் காட்டில் வயணா என்று ஒரு மரம் உண்டு. லவங்கப் பட்டையின் சொந்தக்காரன். அதன் பட்டையை உரித்து மூட்டை கட்டி மலை இறக்கினால் மசாலா வியாபாரத்தில் நல்ல விலை. நம் பிரியாணியில் கரண்டிக்குத் தட்டுப்படுகிற பட்டையில் அந்த நாளில் இதுவும் கலந்திருக்கும். சுற்றிலும் உரித்தால் மரம் செத்துப் போகும். இவர்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போவார்கள், நாள் கணக்கில் காட்டிலேயே படுப்பார்கள், தலைச்சுமையாக மூட்டையைச் சுமந்து ராத்திரியில் இறங்குவார்கள். பிடிபட்டால் அடி, கேஸ், வாய்தா. ஜாமீனுக்குக் கடன். கடனை அடைக்க மறுபடி காடு. வருமானம் இடைத்தரகனுக்கு, வழக்கு மட்டும் இவர்களுக்கு. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தேறாத வியாபாரம்.

1996-ல் உலக வங்கி உதவியோடு இந்தியாவில் ஏழு காடுகளில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். காட்டைச் சுற்றி இருக்கிறவனுக்கு வேறு பிழைப்பு கொடுத்தால்தான் காடு பிழைக்கும் என்பது அதன் சுருக்கம். பெரியார் அதில் ஒன்று. இங்கே அதிகாரிகளுக்கு வந்த யோசனையை நான் எந்த எம்.பி.ஏ. புத்தகத்திலும் பார்க்கப் போவதில்லை. பட்டை திருடிக்கொண்டிருந்தவர்களையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். 'வழக்குகளைப் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் காட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' இருபது சொச்சம் பேர் சரி என்றார்கள். அவர்கள் சங்கம்தான் இந்த நடையை நடத்துகிறது. டூரிஸ்டோடு நடக்கும் நாளெல்லாம் அது ரோந்துதான். எந்தப் பள்ளத்தில் திருடன் படுப்பான், எந்த வழியில் இறங்குவான் என்று இவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. குமுளிப் பெண்களும் 'வசந்த சேனா' என்று ஒரு குழுவாகச் சேர்ந்து, சம்பளம் இல்லாமல், முறை போட்டுக்கொண்டு சந்தன மரங்களைக் காவல் காக்க உள்ளே போய் வருகிறார்கள்.

"அடிச்ச கார்டுங்ககூட இப்ப சேர்ந்து நடக்கறீங்களே, கஷ்டமா இல்லையா?" என்று பாங்க் நண்பர் கேட்டுவிட்டார். எனக்குப் பக்கென்றது. அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்த காவலரைப் பார்த்தார். "இவர் சின்னப் பையன் ஸாரே. அடிச்சவங்க எல்லாம் ரிட்டையர் ஆயிட்டாங்க. அதுல ஒருத்தர் எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தார், ஐந்நூறு மொய் எழுதினார்."

கூடாரத்தைச் சுற்றி யானை தாண்டாதபடி அகழி வெட்டியிருந்தது. மேலே மரப்பாலம், ராத்திரி அதையும் எடுத்துவிடுவார்கள். ஒரு சின்ன ராஜ்ஜியத்துக்கு ராஜா மாதிரி இருந்தது. வழிகாட்டிகளே சமைத்தார்கள். "மதியம் என்னண்ணே?" என்றால் "சாம்பார்." "அங்க நிக்கறது என்ன மான்?" "அதுவும் சாம்பார்." ஹிந்தியிலிருந்து இங்கிலீஷுக்குப் போன பெயர். நம் ஊர்ப் பெயர் கடமான், தெற்கே மிளா. தட்டில் இருந்தது பருப்புப் போட்டது என்று உறுதி செய்துகொண்டு சாப்பிட்டோம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. படகில் காடு கண்ணுக்கு, கூடாரத்தில் காதுக்கு. எதிர்க்கரையில் யானை மூங்கிலை முறிக்கிற சத்தம், எங்கேயோ மிளாவின் 'டாங்க்' என்று ஒரே ஒரு கூப்பாடு. அதன் அர்த்தம் 'ஏதோ வருகிறது' என்று அண்ணன் இருட்டுக்குள்ளிருந்து சொன்னார். அதற்குப் பிறகு பாங்க் நண்பர் என் போர்வைக்கு அருகே நகர்ந்து வந்ததை இங்கே எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் விடிகாலை. ஏரி மேல் பனி. யாரோ விசில் அடித்தார்கள். மறுபடி இன்னொரு பக்கத்திலிருந்து. எங்களில் ஒருத்தர்தான் என்று திரும்பிப் பார்த்தேன். அண்ணன் விரலை உதட்டில் வைத்து எங்களைக் குனியச் சொன்னார். செந்நாய். செந்நாய்கள் குரைத்துக் கூப்பிட்டுக்கொள்வதில்லை, விசில் அடித்துத்தான் கூட்டத்தைச் சேர்க்கின்றன.

புதருக்கு அந்தப் பக்கம் ஏரியின் ஒரு குடா. தண்ணீரில் கழுத்து வரை முங்கி ஒரு பெண் மிளா நின்றிருந்தது. காது இரண்டும் விறைப்பாக. கரையில் ஆறு செந்நாய்கள். ஒன்றுக்கும் அவசரமில்லை. ஒன்று உட்கார்ந்து காலை நக்கியது. ஒன்று தண்ணீரில் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பியது. துரத்தினால் மிளா தண்ணீரில் பாயும். ஆழத்தில் நாய்க்கு அதன் மேல் பிடி கிடைக்காது. ஆனால் தண்ணீரின் குளிரில் மிளாவும் எத்தனை நேரம் நிற்கும்? யாருடைய பொறுமை முதலில் தீர்கிறது என்பதுதான் ஆட்டம்.

ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஃபோனை எடுக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு செந்நாய் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. உடனே அண்ணன் கையால் சைகை காட்டினார்: திரும்பு.

திரும்புவதா! புலிக்கு அடுத்தபடி இந்தக் காட்டில் கிடைக்கக்கூடிய காட்சி இது. எங்களோடு வந்த ஒரு நண்பர் கிசுகிசுப்பாகவே கோபப்பட்டார். "காசு கொடுத்திருக்கோம்ண்ணே. அஞ்சு நிமிஷம்!"

"நம்ம வாசனை போயிருச்சு ஸாரே. நின்னா அது எல்லாம் ஓடிரும்."

"ஓடினா மான் பிழைச்சுக்கும்ல?"

"பிழைக்கும். அதுங்க பட்டினி கிடக்கும். குட்டி போடற மாசம்." அவ்வளவுதான் சொன்னார். நடக்க ஆரம்பித்துவிட்டார்.

யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மிளாவின் காதை இன்னும் மறக்க முடியவில்லை. ஆனால் அங்கே நின்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு டிக்கெட் கொடுக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. பின்னால் விசில் சத்தம் இன்னும் இரண்டு தடவை கேட்டது. முடிவு என்ன ஆயிற்று என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். தெரியாது. கோபப்பட்ட நண்பர் அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் வந்தார்.

திரும்பும் வழியில் அண்ணன் ஒரு மரத்தருகே நின்றார். இலையை ஒன்று கசக்கி மூக்கருகே காட்டினார். பிரியாணி வாசனை! அதன் அடிமரத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பட்டை புடைத்து, முறுக்கிக்கொண்டு, ஆறிய காயம் மாதிரி இருந்தது. "இது யாரு உரிச்சது?" என்று கேட்டேன். "எங்க செட்டுதான். ஒரு பக்கம் உரிக்கறப்பவே ஆள் வர்ற சத்தம் கேட்டு ஓடிட்டோம். அதனால தப்பிச்சுது." சொல்லிக்கொண்டே மூக்குப்பொடி டப்பாவை எடுத்து என் காலில் ஏறிக்கொண்டிருந்த அட்டையைத் தட்டிவிட்டார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கூடாரத்துக்கு ஆள் கணக்குக் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பளபள சட்டை, சென்ட், பிளாஸ்டிக் பாட்டில் மூன்றையும் வீட்டில் விடுங்கள். படகைவிடச் செலவு பல மடங்கு ஜாஸ்தி என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் கணிசமான பங்கு கூட நடக்கிறவர் வீட்டு உலைக்குப் போகிறது. படகில் கண் முழுக்க மூன்று யானை பார்த்தேன். இரண்டு நாள் நடந்ததில் யானைச் சாணம் மட்டும்தான். என் பேரேட்டில் இரண்டாவது பத்திதான் லாபம் காட்டுகிறது, எப்படி என்று எந்த ஆடிட்டரும் கேட்கக் கூடாது.

சாயங்காலம் குமுளிக் கடைத்தெரு. தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் ரெடியாக உறுமிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் பயந்த பாங்க் நண்பர், ஒரு மசாலாக் கடையில் ஏலக்காய், மிளகு எல்லாம் வாங்கிவிட்டுப் பட்டை கேட்டார். எங்களை வழியனுப்ப வந்த அண்ணன் கடை வாசலில் நின்றபடி, மெல்லக் குனிந்து அவர் காதில் சொன்னார்:

"தோட்டத்துப் பட்டையான்னு கேட்டு வாங்குங்க ஸாரே."